பெல்ட் போடத் தெரியாதவர்

ஜன்னலோரத்தை நீங்களே வச்சுக்கோங்க அண்ணாச்சி. எனக்கு இந்த ஓரம் போதும். இங்க இருந்தாதான் முன்னால பார்வை போகுது. மதுரை வரைக்கும்தானே? நானும் மதுரைதான். பதினோரு மணிக்கு பைபாஸ் ரோட்டுல எங்க கம்பெனி மண்டல ஆபீஸ்ல இருக்கணும். ஒரு விசாரணை. போலீஸ் விசாரணை எல்லாம் இல்ல, ஒரு விளக்கு பத்தின விசாரணை. கார்ல பெல்ட் போடலைன்னா மீட்டர்ல சிவப்பா ஒரு சின்ன ஆள் உருவம் எரியும், கூடவே டிங் டிங்னு சத்தம் வரும் பாருங்க. அந்த விளக்கு.

சிரிக்கிறீங்க. எனக்கும் முதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு.

மெதுவாத்தான் சொல்லணும். முன்னால மூணாவது சீட்டு, பச்சைச் சேலை, தெரியுதா? தலை தெரியாது, சீட்டு மறைக்கும். ஆள் அவ்வளவுதான் உயரம். பக்கவாட்டுல சாய்ஞ்சு பாருங்க, கால் தெரியும். தரையில படாம தொங்குது பாருங்க, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அவங்கதான் புகார் குடுத்தவங்க. நான்தான் எதிராளி. ரெண்டு பேரும் ஒரே விசாரணைக்கு ஒரே பஸ்ல போறோம். நான் ராஜபாளையத்துல ஏறும்போதே என்னைப் பார்த்துட்டாங்க. பார்த்துட்டு, "தம்பி, இங்க இடம் இருக்கு, வா"ன்னு பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டுறாங்க. நான் போன் பேசுற மாதிரி நேரா பின்னால வந்துட்டேன். எதிராளிகிட்ட எப்படி நடந்துக்கணும்னுகூடத் தெரியாத ஆளு. அவங்களைப் பத்தி இது ஒண்ணு போதும். இருந்தாலும் முழுசாச் சொல்றேன்.

என் பேரு அழகுமூர்த்தி. பி.இ. எலக்ட்ரிக்கல். எங்க வீட்டுல முதல் பட்டதாரி. சும்மா வாய்ல சொல்றதில்ல, தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இருக்கு. அப்பா மில்லுல நூலைக் கோன்ல சுத்துறவர். நான் கார் சர்வீஸ் சென்டர்ல எலக்ட்ரிக்கல் கோளாறு கண்டுபிடிக்கிற வேலை. ரெண்டு வருஷமாச்சு. எங்க கிளையில மெக்கானிக்குன்னு இருக்கிறவன் எல்லாம் கையால தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, தட்டிப் பார்த்து வேலை செய்றவன். வயர்ல எந்தப் பக்கம் கரண்ட் வருதுன்னு கேட்டா மேலயும் கீழயும் பார்ப்பான். படிச்சிட்டு வேலை செய்றவன் நான் ஒருத்தன்தான். மேனேஜர் மகுடீஸ்வரன் சாருக்கு என்ன தெரியும்னு கேட்டா, வாடிக்கையாளருக்கு எப்ப காபி குடுக்கணும்னு தெரியும். அவ்வளவுதான்.

இந்தம்மா பேரு தங்கபுஷ்பம். கிராம சுகாதார நர்சு. தேவதானம் பக்கம் நாலைஞ்சு ஊருக்கு இவங்கதான் போய் ஊசி போடுறது. முப்பது வருஷமா பஸ்லயும் நடந்தும் போனவங்களுக்கு அம்பத்திரண்டு வயசுல திடீர்னு கார் ஓட்டணும்னு வந்திருச்சு. ஓட்டக் கத்துக்கிட்டு, கார் வாங்கி, தடுப்பூசிப் பெட்டியைப் பக்கத்து சீட்டுல வச்சுக்கிட்டு புதன்கிழமை புதன்கிழமை ஊர் ஊராப் போறாங்க. கார் வீட்டுக்காரர் பேர்ல. அவர் ரிட்டயர்டு கண்டக்டர், ஞானமுத்துன்னு பேரு. அவருக்கு ஓட்டத் தெரியாது, மத்த நாள்ல வீட்டுச் சாவிக்கொத்தை விரல்ல சுத்திக்கிட்டு முன்சீட்டுல வருவார்.

முதல் தடவை வந்தாங்க. பெல்ட் போட்டாலும் விளக்கு எரியுதாம். எப்ப எரியுதுன்னு கேட்டேன். ரயில்வே கேட் மேட்டைத் தாண்டினா எரியுதாம். பிறகு ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் டிங் டிங்னு அடிச்சு மண்டை வலிக்குதாம். ரயில்வே கேட்டுக்கும் பெல்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? இந்த மாதிரி ஆட்கள் வண்டியைப் பத்திப் பேசுறதே இப்படித்தான் அண்ணாச்சி. ஒருத்தர் வந்து அமாவாசை அன்னைக்கு ஏசி வேலை செய்யலைன்னார்.

நான் உடனே சொல்லிட்டேன், பக்கத்து சீட்டுல பெட்டி வைக்கிறீங்கல்ல, வண்டி அதை ஆள்னு நினைக்குது, அந்த ஆளு பெல்ட் போடலைன்னு எரியுது. பெட்டியைப் பின்னால வைங்க. அவங்க, "இல்ல தம்பி, எரியறது என் பக்கத்து விளக்கு"ன்னாங்க. ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி விளக்குன்னு அவங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். தெரிஞ்சிருக்கு. புத்தகத்துல படிச்சாங்களாம். கார் கூட வர்ற புத்தகத்தை யாராவது படிப்பாங்களா?

சரின்னு வண்டியை உள்ள எடுத்தேன். அங்க ஒரு இம்சை. அவங்க சீட்டு ஸ்டீயரிங்கை ஒட்டிக் கிடக்கும். ஏறினா மூட்டு இடிக்கும். முதல் வேலையா சீட்டுக்கு அடியில இருக்கிற கம்பியைத் தூக்கி சீட்டைக் கர்ர்னு கடைசி வரைக்கும் பின்னால தள்ளினாதான் மனுஷன் உட்கார முடியும். எங்க எல்லாருக்குமே அது கைப்பழக்கம். எந்த வண்டியா இருந்தாலும் கதவைத் திறந்தா முதல்ல சீட்டைத் தள்ளு, பிளாஸ்டிக் உறையைப் போடு, பிறகு ஏறு. ஒவ்வொரு தடவையும் வண்டியைத் திருப்பிக் குடுக்கும்போது இந்தம்மா கதவைத் திறந்து பார்த்துட்டு, "சீட்டை இருந்த இடத்துலயே விட்டீங்கன்னா நல்லாருக்கும் தம்பி"ம்பாங்க. இதைச் சொல்லாத நாளே இல்ல. பெல்ட் பிரச்சனையோட வந்தவங்களுக்கு சீட்டைப் பத்தி என்ன பேச்சு?

கோளாறு பார்க்கிற முறையை உங்களுக்குச் சுருக்கமாச் சொல்றேன். பெல்ட் நாக்கு போய் மாட்டுற பூட்டு இருக்கு பாருங்க, அதுக்குள்ள ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கிளிக்னு மாட்டினா அந்த சுவிட்ச் மாறும். அதுல இருந்து வயர் சீட்டுக்கு அடியில ஓடி, தரையில ஒரு மஞ்சள் சாக்கெட்டுல சேர்ந்து, உள்ள போகும். அவ்வளவுதான். பூட்டு, வயர், சாக்கெட், மீட்டர். இந்த நாலுல ஒண்ணு. வரிசையாப் பார்த்துக்கிட்டே போனா மாட்டாம எங்க போகும்?

முதல் தடவை பூட்டுக்குள்ள காத்தடிச்சு சுத்தம் பண்ணிக் குடுத்தேன். உள்ள ஒரு புளியங்கொட்டை இருந்துச்சு. இதுதான்னு காட்டினேன். அவங்க அதைக் கையில வாங்கிப் பார்த்துட்டு, "இது இருந்தா கிளிக்கே ஆகாதே தம்பி"ன்னாங்க. நாலு நாள்ல திரும்ப வந்துட்டாங்க. ரெண்டாவது தடவை பூட்டையே புதுசா மாத்தினேன். அதுக்காக சீட்டைக் கழட்டி அடியில பார்த்தேன். வயரை வெள்ளை பிளாஸ்டிக் டேக் போட்டு இழுத்துச் சுத்தமாக் கட்டியிருந்துச்சு. வண்டி வாங்கும்போது சீட் கவர் மாட்டினது எங்க கிளையிலதான். அடடா, நம்ம பசங்க ஒரு வேலையாவது ஒழுங்கா செஞ்சிருக்காங்களேன்னு நினைச்சேன். அதை ஞாபகம் வச்சுக்கோங்க.

மூணாவது தடவை ஸ்கேனர் போட்டுப் பார்த்தேன். பெல்ட் மாட்டினா 'மாட்டியாச்சு'ன்னு காட்டுது, எடுத்தா 'எடுத்தாச்சு'ன்னு காட்டுது. நூறு தடவை மாட்டி எடுத்திருப்பேன். ஒரு தடவைகூடத் தப்பல. நாலாவது தடவை ரெண்டு நாள் வண்டியை வச்சுக்கிட்டேன். நான், அப்புறம் மூணு மெக்கானிக், மாத்தி மாத்தி ஓட்டினோம். ரயில்வே கேட்டுல ஏத்தி இறக்கினோம். விளக்கு எரியவே இல்ல. அந்த ரெண்டு நாளும் அந்தம்மா பஸ்ல போயிருக்காங்க, பெட்டியைத் தூக்கிக்கிட்டு. மூணாவது நாள் வண்டியை எடுத்துட்டுப் போய், கேட்டைத் தாண்டினதும் போன் பண்றாங்க. எரியுதாம்.

அப்ப எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. ஒரே குறையோட ஒரு வண்டி திரும்பத் திரும்ப வந்தா எங்க தொழில்ல அதுக்கு ரிப்பீட்டுன்னு பேரு. அஞ்சு ரிப்பீட் ஆச்சுன்னா அது மண்டல ஆபீஸ் கணக்குல போகும். கிளையோட தரம் இறங்கும். மகுடீஸ்வரன் சார் என்னைக் கூப்பிட்டு, "டிகிரி வாங்கினவன் ஒரு பல்பை அணைக்க மாட்டேங்கிற, டிகிரி இல்லாதவனை வச்சே அணைச்சிருக்கலாம் போல"ன்னார். மெக்கானிக்குங்க முன்னாலேயே சொன்னார். ஒருத்தன் பல்லைக் காட்டினான். அன்னைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கல அண்ணாச்சி. இந்த வேலை போச்சுன்னா எங்க அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார். மில்லு சூப்பர்வைசர்கிட்ட எனக்கு ஒரு இடம் கேட்டுட்டு வருவார். அதுதான் பயம். திட்டினாக்கூடப் பரவாயில்ல.

அப்பதான் எனக்குத் தோணுச்சு. வண்டியில கோளாறு இல்ல. எங்க நாலு பேர் கையில எரியாத விளக்கு, இந்தம்மா கையில மட்டும் எரியுதுன்னா என்ன அர்த்தம்? ஆள்தான் கோளாறு. பெல்ட்டை முழுசா அமுக்காம அரைகுறையா மாட்டுறாங்க. அவ்வளவுதான் விஷயம்.

அவங்களும் அதையேதான் சொன்னாங்க, அவங்க பாஷையில. ஒரு நோட்டு வச்சிருக்காங்க. நர்சுங்களுக்குப் பதிவேடு எழுதுறதே பொழப்பு இல்லையா? தேதி, எத்தனை கிலோமீட்டர், எங்க எரிஞ்சது, எல்லாம் கட்டம் போட்டு எழுதி வச்சிருக்காங்க. கடைசிக் கட்டத்துல, 'மெக்கானிக் உட்கார்ந்தால் எரியவில்லை, நான் உட்கார்ந்தால் எரிகிறது'ன்னு எழுதியிருக்கு. "நீங்க பார்க்கும்போது நானும் கூட வரட்டுமா, நான் உட்கார்ந்து காட்டுறேன்"னு ரெண்டாவது தடவையில இருந்தே கேட்டுக்கிட்டிருந்தாங்க. எங்க இடத்துல அது நடக்காது. தரையில மஞ்சக்கோடு போட்டிருக்கு. வாடிக்கையாளர் அதைத் தாண்டக் கூடாது. அவங்களுக்குன்னு ஏசி ரூம், டிவி, காபி எல்லாம் இருக்கு. அதை விட்டுட்டு உள்ள வந்து என்ன பண்ணப் போறாங்க?

அஞ்சாவது தடவை நானே கூப்பிட்டேன். வாங்க, நீங்களே ஓட்டுங்க, நான் பக்கத்துல வர்றேன்னேன். அவங்க முகம் மலர்ந்து போச்சு. நான் எதுக்குக் கூப்பிட்டேன்னு தெரியாது பாருங்க. என் எண்ணம் வேற. அவங்க தப்பா மாட்டுறதை வீடியோ எடுத்து, வண்டிக்கு என்ன வேலை பார்த்தோம்னு எழுதுற ஜாப் கார்டோட சேர்த்து, விஷயத்தை முடிச்சிடணும்.

ஏறினாங்க. வழக்கம்போல சீட்டு பின்னால கிடந்துச்சு. இழுத்தாங்க, கர்ர் கர்ர்னு, ஸ்டீயரிங்கை ஒட்டி. பெல்ட்டை இழுத்து மாட்டினாங்க. கிளிக். சரியாத்தான் மாட்டினாங்க, பொய் சொல்லக் கூடாது. பெட்டியை என் மடியில வச்சிட்டாங்க. நான் போனைப் பிடிச்சுக்கிட்டே இருக்கேன். ரோட்டுல போகும்போது பேச்சு வேற. "நீ அழகம்மா மகன்தானே? உங்க அக்கா பிள்ளைக்கு நான்தான் ஊசி போட்டேன், ரொம்ப அழுவான்"ங்கிறாங்க. கம்பெனிச் சட்டை போட்டுக்கிட்டு வேலையில இருக்கிறவன்கிட்ட பேசுற பேச்சா இது?

ரயில்வே கேட் மேடு வந்துச்சு. ஏறி இறங்கினோம். விளக்கு எரிஞ்சிருச்சு. டிங் டிங். "பார்த்தியா தம்பி"ன்னாங்க. ஏதோ பரிசு விழுந்த மாதிரி. நான் ஓரங்கட்டச் சொன்னேன். இறங்குங்க, எப்படி மாட்டணும்னு நான் காட்டுறேன்னேன். அவங்க இறங்கிக் கதவோரம் நின்னாங்க. நான் பெட்டியை இந்தப் பக்கம் சீட்டுல வச்சு, அது மேல வீடியோ ஓடுற போனை மீட்டர் தெரியுற மாதிரி சாய்ச்சு வச்சிட்டு, சுத்தி வந்து டிரைவர் சீட்டுல ஏறினேன். பெல்ட்டை இழுத்து, அவங்க நல்லாப் பார்க்கிற மாதிரி, "இப்படி, கடைசி வரைக்கும் அமுக்கணும்"னு சொல்லி மாட்டினேன். பிறகு சீட்டைப் பின்னால தள்ளி வசதியா உட்கார்ந்தேன். விளக்கு அணைஞ்சு கிடக்கு. அதே மேட்டுல மூணு தடவை ஏத்தி இறக்கிக் காட்டினேன். எரியல. "இப்ப என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டேன்.

அவங்க தன்னோட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. முப்பது வருஷமா பச்சைப் பிள்ளைக்கு ஊசி போடுற கை. அதுல ஏதோ கோளாறு இருக்கிற மாதிரி பார்த்தாங்க. பிறகு, "எனக்குத்தான் பழகல போல"ன்னாங்க.

கிளைக்கு வந்து ஜாப் கார்டுல என் கையாலேயே எழுதினேன். 'வாடிக்கையாளருக்குப் பெல்ட் சரியாக மாட்டத் தெரியவில்லை. விளக்கிச் சொல்லப்பட்டது.' எழுதி முடிச்சாச்சுன்னா அது தானாவே வண்டிக்காரர் போனுக்குப் போயிடும். வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு. ஞானமுத்துவுக்குப் போச்சு.

அந்த மனுஷன் அதைச் சொந்தக்காரங்க எல்லாரும் இருக்கிற வாட்ஸப் குரூப்புல போட்டிருக்கார். பெல்ட் போடத் தெரியாதவளுக்குக் காரு எதுக்குன்னு சாவியை வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டாராம். ரெண்டு மாசமா வண்டி உறை போட்டு நிக்குது. அந்தம்மா பழையபடி பஸ்ல பெட்டியைத் தூக்கிட்டுப் போறாங்க. பஸ் போகாத ஊருக்கு நடை. பிறகு தலைமை ஆபீசுக்குப் பதிவுத்தபால் அனுப்பியிருக்காங்க, நாலு பக்கம், கட்டம் போட்டு. கேட்டிருக்கிறது என்னன்னு நினைக்கிறீங்க? பணமா? புது வண்டியா? ரெண்டும் இல்ல. 'எனக்குப் பெல்ட் மாட்டத் தெரியாது என்று எழுதிய வரியை அடித்துத் தர வேண்டும்.' அவ்வளவுதான். அதுக்குத்தான் இன்னைக்கு விசாரணை. விவரம் தெரிஞ்ச ஆளா இருந்தா நஷ்டஈடு கேட்டிருப்பாங்க. இவங்க ஒரு வரியைக் கேட்டுக்கிட்டு மதுரைக்கு வர்றாங்க.

என்ன? திருமங்கலம் தாண்டிட்டோமா? இப்பதான் தாண்டுது. நேரம் இருக்கு.

இதுக்கு மேல சொல்றது உங்களோட இருக்கட்டும். வரி எழுதின மறுநாள் காலையில வீடியோவை ஜாப் கார்டோட சேர்க்கிறதுக்காகத் திறந்து பார்த்தேன். இந்தாங்க, நீங்களே பாருங்க. காதுல மாட்டிக்கோங்க, சத்தம் முன்னால கேட்கக் கூடாது. இது அவங்க ஓட்டுறது, தள்ளுங்க. இதுவும் வேண்டாம். இங்க. இதுதான். நான் ஏறுறேன் பாருங்க. மூட்டு இடிக்குது. பெல்ட்டை இழுக்கிறேன். இப்ப.

என்ன பார்த்தீங்க?

ஆமா. கிளிக்னு கேட்டுச்சு. கேட்ட பிறகும் விளக்கு எரியுது. நாலு செகண்டு எரியுது. சீட்டைப் பின்னால தள்ளுறேன், பாதி தூரம் போகும்போது அணையுது. நீங்க ஒரே தடவையில பார்த்துட்டீங்களே. என்ன தொழில் பார்க்கிறீங்க? வெங்காய மண்டியா? ம்.

நான் அதை அன்னைக்குப் பார்க்கல அண்ணாச்சி. அந்த நாலு செகண்டும் நான் விளக்கைப் பார்க்கல. அவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன். எப்ப அது சுருங்கும்னு.

வெள்ளை டேக் சொன்னேன்ல. வயரை இழுத்துக் கட்டிட்டான் சீட் கவர் மாட்டினவன். சீட்டு பின்னால இருந்தா வயருக்குப் பிரச்சனை இல்ல. கடைசி வரைக்கும் முன்னால இழுத்தா வயர் விறைச்சுக்கும். மேட்டுல ஒரு குலுக்கு குலுங்கினா உள்ள தொடர்பு விட்டுப்போகும். நாங்க நாலு பேரும் வண்டியில ஏறுறதுக்கு முன்னாலேயே சீட்டைத் தள்ளித் தள்ளிக் கோளாறை அணைச்சு வச்சிட்டு, பிறகு கோளாறைத் தேடிக்கிட்டு இருந்திருக்கோம். டேக்கை வெட்டி நாலு விரக்கடை வயரைத் தளர விட்டா முடிஞ்சது. அஞ்சு நிமிஷ வேலை.

மகுடீஸ்வரன் சார்கிட்ட சொன்னேன். நான் மறைக்கிறவன் இல்ல. அவர் வீடியோவைக்கூடப் பார்க்கல. "அஞ்சு தடவை வந்த வண்டி. நம்ம கிளையில கட்டின டேக்குன்னு எழுதினா முதல்ல போறது உன் பேரு, ரெண்டாவது என் பேரு. ஒரு வரிதானே, அது இருந்துட்டுப் போகட்டும்"னார். முடிச்ச ஜாப் கார்டைத் திருத்தணும்னா அவர் கையெழுத்து வேணும். அவர் போட மாட்டார். நான் என்ன பண்ண முடியும்? ஆனா ஒண்ணு, வீடியோவை அழிக்கல. அழிக்கச் சொல்லி ரெண்டு தடவை கேட்டார். அழிச்சிட்டேன்னு சொன்னேனே தவிர அழிக்கல. அந்த மட்டுக்கும் என்கிட்ட நேர்மை இருக்கு.

இன்னைக்கு என்ன சொல்லணும்னும் எழுதிக் குடுத்திருக்கார். இந்த ஃபைல்லதான் இருக்கு. 'வாடிக்கையாளருக்கு முறைப்படி விளக்கப்பட்டது.' அது பொய்யில்லையே? விளக்கினேன்தானே?

இல்ல, அந்தம்மாகிட்ட காட்டல. காட்டினாலும் அவங்களுக்கு என்ன புரியும்? வயர், டேக், சுவிட்ச்னு... சரி, உங்களுக்குப் புரிஞ்சது. உங்களுக்குப் புரிஞ்சதுதான் எனக்கு இப்ப யோசனையா இருக்கு. இதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கணும்னா என்னை மாதிரிப் படிச்சிருக்கணும்னு நினைச்சிருந்தேன். மண்டி வச்சிருக்கிறவர் ஒரே தடவையில பிடிக்கிறார். அப்ப அந்த நோட்டுல கட்டம் போட்டு எழுதினவங்க...

நீங்க சொல்றது வாஸ்தவம்தான். எங்கேயோ ஒரு இடத்துல இது வெளியே வந்துதான் ஆகணும். இன்னொண்ணும் இருக்கு. அவங்களுக்காக நான் சொல்லல, தப்பா நினைக்காதீங்க. அந்த வரிக்குக் கீழ என் பேர் இருக்கு. பி.இ.ன்னு போட்டிருக்கு. அந்த வரி தப்பு. தப்பான வரிக்குக் கீழ என் பேர் நிக்கக் கூடாது. வேலை போனாப் போகட்டும்னு சொல்லிட முடியல. இருந்தாலும் அனுப்பிடறேன். இப்பவே. யோசிச்சா அனுப்ப மாட்டேன்.

இதோ எழுதுறேன், கேட்டுக்கோங்க. 'ஐயா, வாடிக்கையாளர் பெல்ட்டைச் சரியாகவே மாட்டுகிறார். சீட்டுக்கு அடியில் எங்கள் கிளையில் கட்டிய வயர் குட்டையாக இருப்பதால், சீட்டை முன்னால் இழுக்கும்போது விளக்கு எரிகிறது. முன்பு அனுப்பிய வரி தவறு. அழகுமூர்த்தி.' சரியா இருக்கா? பி.இ. போடணுமா? வேண்டாம். வீடியோவையும் சேர்த்தாச்சு. போச்சு. ரெண்டு டிக் விழுந்திருச்சு.

யாருக்கா? ஞானமுத்துவுக்குத்தான். வண்டி அவர் பேர்லதானே இருக்கு.

இந்தம்மாவுக்கா? இவங்க நம்பர் என்கிட்ட இல்லையே. அஞ்சு தடவை வந்தாங்க, ஜாப் கார்டுல இருக்கிறது அவர் நம்பர்தான். கேட்கத் தோணல. முன்னாலதானே உட்கார்ந்திருக்காங்கன்னா... ஆமா, இருக்காங்க. அவரே வீட்டுல சொல்லிடுவார். சாவியையும் குடுத்திடுவார். எங்க தரப்புல தப்புன்னு நாங்களே எழுதிக் குடுத்த பிறகு அவர் என்ன சொல்ல முடியும்?

படிச்சிட்டார். நீலம் விழுந்திருச்சு. எழுதுறார் பாருங்க, எழுதிக்கிட்டிருக்கார். நன்றின்னு ஒரு வார்த்தை போடுவார். அந்தக் காலத்து ஆளு.

வந்திருச்சு.

'வீடியோ பார்த்தேன். ஸ்டீயரிங்கை நெஞ்சுல இடிக்கிற மாதிரி சீட்டை இழுத்தா வயர் என்ன செய்யும். தப்பு வயர் மேல இல்ல. அவளுக்குப் பெல்ட்டும் தெரியல சீட்டும் தெரியல. வண்டியில கோளாறு இல்ல, ஆள்தான் கோளாறு. சாவி என்கிட்டயே இருக்கட்டும்.'

இன்னொரு தடவை படிக்கிறேன்.

ஆள்தான் கோளாறுங்கிறான் அண்ணாச்சி. என்ன ஆளு இவன்? சீட்டை அப்படி இழுக்கலைன்னா அவங்களுக்கு கிளட்ச் எட்டாது. பிரேக் எட்டாது. அவங்க உயரத்துக்கு அப்படித்தான் உட்காரணும், அதுக்குத்தானே சீட்டுக்குக் கீழ தண்டவாளமே வச்சிருக்கான். கடைசிப் பல்லு வரைக்கும் இழுக்கலாம்னுதானே வச்சிருக்கான். ஒரு நாள்கூட ஸ்டீயரிங் பிடிக்காதவன், பக்கத்துல உட்கார்ந்து சாவியைச் சுத்திக்கிட்டு வர்றவன், முப்பது வருஷம் நடந்து போய் ஊசி போட்டவங்களைப் பார்த்து...

இல்ல. நான் கத்தல. மெதுவாத்தான் பேசுறேன்.

திரும்பிப் பார்க்கிறாங்களா? நான் சொன்னது கேட்டிருக்குமோ? கையை ஆட்டுறாங்க. ஆட்டோவுக்குச் சேர்ந்தே போயிடலாமான்னு கேட்கிறாங்க, வாயசைவு தெரியுது. அந்தப் பக்கத்து சீட்டு இன்னும் காலியாத்தான் இருக்கு. ராஜபாளையத்துல இருந்து யாரும் உட்காரல.

இந்த ஃபைலைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க அண்ணாச்சி. போன் மட்டும் போதும். அந்த இயர்போனைக் குடுங்க, அவங்களுக்குக் கிளிக் சத்தம் கேட்கணும்.